பொத்தான்களை எங்கே வைப்பது? எடைமேடைத் திரையை முன்வைத்துக் கேள்வி பதில்

மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர் வட்டாரத்து அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் மென்பொருள் எழுதித் தருவது என் பிழைப்பு. எல்லாம் மேசைக் கணினியில் ஓடும் சின்ன நிரல்கள்தான். பெரும்பாலும் பைதான் மொழியும் அதில் திரை கட்ட உதவும் டிகின்டரும், ஒன்றிரண்டு மட்டும் அதே வேலைக்கான இன்னொரு கருவியான கியூட்டியில். கூட வந்து வேலை பழகும் பிள்ளைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்கள், அவர்கள் கேட்கும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் வாய் வலிக்கச் சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன்.

எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறதே, அது எங்கே இருந்தால் என்ன?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓர் ஆலையின் எடைமேடைக்கு நான் எழுதிய முதல் திரையில், அடியில் ஒரே வரிசையாக ஏழு பொத்தான்கள்: புதிது, முதல் எடை, இரண்டாம் எடை, சேமி, அச்சிடு, அழி, மூடு. ஒரே அகலம், ஒரே இடைவெளி. பார்க்கப் பல்வரிசை மாதிரி இருக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு.

சம்பா அறுவடை நேரம், மாசி மாதம். ராத்திரி பத்து மணிக்கு மேலும் வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நின்றன. எடை போடும் அண்ணன் கையெல்லாம் தவிட்டுத் தூசி, மவுஸ் வழுக்கும். அச்சிடு என்று நினைத்து அழியை அழுத்திவிட்டார். நெல்லைக் கொட்டிவிட்டு வெற்று வண்டி மேடை மேல் நிற்கிறது, சுமையோடு வந்தபோது போட்ட எடை கணினியில் இல்லை. கொட்டிய நெல் குவியலில் கலந்தாயிற்று, திரும்ப அள்ளி நிறுக்க முடியுமா? "நிச்சயமாக அழிக்கவா?" என்று ஒரு பெட்டி கேட்கத்தான் செய்தது. ஆனால் சேமித்தாலும் பெட்டி, அச்சிட்டாலும் பெட்டி என்று நானே அவரைப் பழக்கி வைத்திருந்தேன். படிக்காமலே என்டரைத் தட்டிவிட்டார். எடைக்காட்டியில் பார்த்த எண்ணைப் பழைய பழக்கத்தில் காலண்டர் தாளில் கிறுக்கி வைத்திருந்ததால் அன்றைக்குத் தப்பித்தோம்.

மறுநாள் போனபோது அவர் சத்தமே போடவில்லை. "தங்கச்சி, அச்சடிக்கிறதையும் அழிக்கிறதையும் ஒட்டி ஒட்டி வச்சா நான் என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

1954ல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், கையில் கோல் கொடுத்து உலோகத் தகடுகளை மாறி மாறித் தொடச் சொல்லி அளந்து பார்த்தார். குறி சிறிதானால், தூரம் கூடினால், கை போய்ச் சேர நேரம் பிடிக்கும் என்பது அவர் கண்ட கணக்கு. மவுஸ் வருவதற்கு முன்னால் செய்த சோதனை அது, இன்றைக்கும் பொருந்துகிறது. அடிக்கடி தொடுவது பெரிதாக, கைக்கு அருகில் இருக்கட்டும். என்றைக்கோ ஒருநாள் தொடுவது தள்ளி இருக்கட்டும். தூரத்தினால் நேரம் ஆகிறது என்றால், அழிக்கும் பொத்தானுக்கு அந்தத் தாமதமே காவல்.

எதை எதோடு சேர்ப்பது என்று எப்படி முடிவு செய்வது?

வேலை நடக்கும் இடத்தில் அரை நாள் நின்று பாருங்கள். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

என் பழைய திரையில் முதல் எடையும் இரண்டாம் எடையும் அக்காள் தங்கை போலப் பக்கத்தில் நின்றன. பெயரைப் பார்த்தால் அது சரிதான். எடை அறையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு வண்டி சுமையோடு ஏறும், முதல் எடை போடுவார்கள். அது உள்ளே போய்க் கொட்டிவிட்டு வர அரை மணி ஆகும். அதற்குள் வேறு நான்கைந்து வண்டிகள் முதல் எடை போட்டுப் போயிருக்கும். அதாவது ஒரே வண்டிக்கு இந்த இரண்டு பொத்தான்களும் அடுத்தடுத்து அழுத்தப்படுவதே இல்லை. முதல் எடையோடு ஒட்டி வருபவை வண்டி எண், விவசாயி பெயர், ரகம். இரண்டாம் எடையோடு ஒட்டி வருபவை உள்ளே நிற்கும் வண்டிகளின் பட்டியலும் எடைச் சீட்டும்.

திரையை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் 'வரும் வண்டி': நிரப்ப மூன்று கட்டம், அடியில் முதல் எடை. வலப்பக்கம் 'உள்ளே உள்ள வண்டிகள்': பட்டியல், அடியில் இரண்டாம் எடை, அதை ஒட்டிச் சீட்டு. சேமி என்ற பொத்தானே தேவைப்படவில்லை. எடை போட்டால் சேமிப்பாகிவிடும், எடையைப் போட்டுவிட்டு யாராவது சேமிக்காமல் போவார்களா?

இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பொத்தான் எதன் மேல் வேலை செய்கிறது? பட்டியலில் ஒரு வரியின் மேல் என்றால் பட்டியலை ஒட்டி இருக்க வேண்டும். முழுச் சீட்டின் மேல் என்றால் சீட்டின் அடியில். நிரல் முழுவதற்கும் உரியது என்றால், காப்பு எடுப்பது, அச்சுப்பொறியை மாற்றுவது போல, மெனுவுக்குள் போகட்டும்.

இடைவெளி எத்தனை பிக்சல்?

விண்டோஸின் பழைய வடிவமைப்புக் குறிப்பில், 96 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி) திரைக்கு, உறவுள்ள பொத்தான்களுக்கு நடுவே 7 பிக்சல், உறவில்லாதவற்றுக்கு 11 பிக்சல், சாதாரணப் பொத்தான் 75க்கு 23 என்று இருக்கும். கூட்டங்களை, அதாவது ஒரே வேலைக்காகச் சேர்ந்து நிற்கும் பொத்தான்களை, நான் அவ்வளவு நெருக்கமாக வைப்பதில்லை. கூட்டத்துக்குள் 6 அல்லது 8, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே 24. எண் முக்கியமில்லை, விகிதம்தான் முக்கியம். உள் இடைவெளியைப் போல மூன்று மடங்காவது வெளி இடைவெளி இருந்தால் கண் தானாகப் பிரித்துக்கொள்கிறது. 8க்கு 12 என்று வைத்தால் அது பிரிவு மாதிரி தெரியாது, கை தவறி வைத்தது மாதிரி தெரியும்.

ஒவ்வொரு கூட்டத்தையும் சுற்றிக் கோடு போட்டுத் தலைப்பு எழுதினால் தெளிவாக இருக்காதா?

டிகின்டரில் தலைப்போடு கட்டம் போட்டுத் தரும் லேபிள்ஃபிரேம் கிடைத்த முதல் வாரம் எல்லாரும் இதைச் செய்வார்கள். கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம். வயலை விட வரப்பு அகலமாகப் போன கதைதான். தலைப்பு உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் மட்டும் போடுங்கள். மேலே சொன்ன எடைமேடைத் திரையில் இரண்டே இரண்டு போட்டேன். மற்ற எல்லாவற்றையும் வெற்றிடமே பிரித்துக் காட்டுகிறது.

டிகின்டரில் பொத்தான்களை அடுக்க பேக், கிரிட், பிளேஸ் என்று மூன்று வழி உண்டே, எது?

பிளேஸை முதலில் ஒதுக்குங்கள். இத்தனையாவது பிக்சலில் வை என்று சொல்வது அது. உங்கள் கணினியில் சரியாக இருக்கும். ஆலைக் கணினியில் எழுத்தின் அளவை 125 சதவீதமாக வைத்திருப்பார்கள், அங்கே ஒரு பொத்தானின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கும். வாடிக்கையாளர் போனில் "பாதி எழுத்துதான் தெரியுது" என்பார், உங்களுக்கு ஒன்றும் புரியாது.

ஒரே வரிசையில் நாலு பொத்தான் நிற்க வேண்டும் என்றால் பேக் போதும். குறுக்கு வரிசையும் நெடுவரிசையும் இரண்டும் பொருந்தி நிற்க வேண்டும் என்றால் கிரிட். ஒரே ஃபிரேமுக்குள், அதாவது பொத்தான்களை வைக்கும் ஒரே பெட்டிக்குள், இரண்டையும் கலக்காதீர்கள். டிகின்டருக்கு அடியில் ஓடும் டிகே, 8.6 பதிப்பு முதல் உடனே பிழை காட்டி நின்றுவிடும். அதற்கு முந்தையவற்றில் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், நிரல் உறைந்துபோகும், காரணமும் தெரியாது.

பிறகு எப்படி இரண்டையும் பயன்படுத்துவது என்றால், ஃபிரேமுக்குள் ஃபிரேம். கல்லணையில் தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரித்துவிடுகிறார்கள். அங்கே நின்றுகொண்டு நம் வயல் மடையை யாரும் திறப்பதில்லை, அது வாய்க்கால் தலைப்பில் நடக்கும் காரியம். அதுபோல முதன்மை விண்டோவுக்கு இரண்டு மூன்று ஃபிரேம்கள் மட்டும் தெரியட்டும், அவற்றை கிரிட்டில் வையுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் தன் பொத்தான்களைத் தானே பேக்கில் அடுக்கிக்கொள்ளட்டும். நாளைக்கு முதலாளி "ஈரப்பதம் அளக்க ஒரு பட்டன் வேணும்" என்றால் ஒரு ஃபிரேமைத் தொட்டால் போதும், மற்றவை அசையாது.

கியூட்டியில் இதே வேலைக்குப் படுக்கை வரிசை, நெடு வரிசை, கட்டம் என்று மூன்று லேஅவுட் (அடுக்கும் முறை) உண்டு. ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். ஜாவா மொழியின் திரைக் கருவியான ஸ்விங்கில், ஜேபேனல் என்ற பெட்டிக்கு இயல்பாக ஃப்ளோ லேஅவுட் இருக்கும். இடம் போதாவிட்டால் பொத்தான் அடுத்த வரிக்குத் தாவும், பல சமயம் அந்த வரி கண்ணுக்கே தெரியாமல் மறைந்துபோகும்.

பொத்தான்கள் எல்லாம் ஒரே அகலத்தில் இருக்க வேண்டுமா?

ஒரே கூட்டத்துக்குள் ஒரே அகலம் நல்லது. திரை முழுக்க ஒரே அகலம் வேண்டாம், அதுதான் என் பல்வரிசை. கிரிட்டில் நெடுவரிசைகளுக்கு யூனிஃபார்ம் என்று ஒரு விருப்பம் உண்டு. ஒரே பெயரைப் பல நெடுவரிசைகளுக்குக் கொடுத்தால் அவை ஒரே அகலத்துக்கு வந்துவிடும். எந்த ஓரத்தில் ஒட்ட வேண்டும் என்று சொல்வது ஸ்டிக்கி, அதில் பொத்தானுக்குக் கிழக்கு மேற்கு இரண்டையும் கொடுத்தால் நெடுவரிசையை நிரப்பிக்கொள்ளும். விட்த் என்று கொடுத்து அகலத்தைப் பூட்டாதீர்கள். அது சுழியம் என்ற எண்ணின் அகலத்தை வைத்துக் கணக்கிடுவது. தமிழில் ஒரு 'ணை' எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அதற்கு என்ன தெரியும்?

விண்டோவை இழுத்துப் பெரிதாக்கினால் பொத்தான்கள் பரவிப்போகின்றனவே?

மிஞ்சும் இடம் எங்கே போக வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால்தான். பட்டியல் இருக்கும் வரிசைக்கு வெயிட் 1 கொடுங்கள், பொத்தான் வரிசைக்கு 0. பெரிதாக்கும்போது பட்டியல் வளரும், பொத்தான்கள் இருந்த இடத்தில் இருக்கும். படுக்கை வாட்டில் இரண்டு கூட்டத்தை இரண்டு ஓரத்துக்குத் தள்ள, நடுவில் ஒரு காலி நெடுவரிசையை விட்டு அதற்கு வெயிட் 1. கியூட்டியில் ஆட்ஸ்ட்ரெச் என்று ஒரே வரி.

'சரி' இடப்பக்கமா, 'ரத்து' இடப்பக்கமா?

இயங்குதளத்தைப் பொறுத்தது. விண்டோஸில் சரி முதலில், அதன் வலப்பக்கம் ரத்து. லினக்ஸின் கேடிஇ திரைச்சூழலிலும் அப்படியே. மேக்கிலும், லினக்ஸின் இன்னொரு சூழலான நோமிலும் உறுதி செய்யும் பொத்தான் வலது ஓரத்தில், ரத்து அதற்கு இடப்பக்கம். எது உயர்ந்தது என்று சண்டை போடத் தேவையில்லை, ஆள் பழகியதைக் கொடுங்கள். கியூட்டியில் க்யூடயலாக்பட்டன்பாக்ஸ் இருக்கிறது. இது ஏற்கும் பொத்தான், இது மறுக்கும் பொத்தான், இது அழிக்கும் பொத்தான் என்று வேலையைச் சொன்னால் போதும், எந்த இயங்குதளமோ அதற்கேற்ப அதுவே அடுக்கிக்கொள்ளும். டிகின்டரில் அந்த வசதி இல்லை, நாமே அடுக்க வேண்டும்.

வரிசையை விடப் பெரிய தொல்லை சொல்லில் இருக்கிறது. ஓர் உரக்கடை நிரலில் நானே எழுதி வைத்தது இது: "இந்தப் பில்லை ரத்து செய்யவா?" என்று கேள்வி, கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான்கள். ரத்தை அழுத்தினால் பில் ரத்தாகுமா, ரத்து செய்வது ரத்தாகுமா? கடைப்பையன் மூன்று நாள் எதையும் தொடாமல் விண்டோவையே மூடிக்கொண்டிருந்தான். இப்போது 'பில்லை நீக்கு', 'இருக்கட்டும்' என்று எழுதுகிறேன். கேள்வியைப் படிக்காதவனுக்கும் பொத்தான் மட்டுமே விஷயத்தைச் சொல்லிவிடும்.

பொத்தானில் 'சேமி' என்று எழுதுவதா, 'சேமிக்கவும்' என்றா?

பொத்தான் என்பது மனிதன் கணினிக்கு இடும் கட்டளை. அதனால் 'சேமி' போதும். 'சேமிக்கவும்' என்றால் கணினி நமக்கு உத்தரவு போடுகிற மாதிரி ஆகிறது, எழுத்தும் மூன்று மடங்கு. ஆனால் ஒரு முதலாளி, வயதானவர், திரையைப் பார்த்துவிட்டு "என்னம்மா இது, 'அழி', 'மூடு', 'அனுப்பு'ன்னு மரியாதை இல்லாம அதட்டுது" என்றார். இலக்கணம் சொல்லி அவரை மாற்ற முடியாது. 'எடைச் சீட்டு', 'புது வண்டி', 'இன்றைய கணக்கு' என்று பெயர்ச்சொல்லாக மாற்றிக் கொடுத்தேன். அவருக்கும் திருப்தி, பொத்தானும் சுருங்கியது. பேச்சில் இருக்கும் சொல்லையே வையுங்கள். எடை அறையில் யாரும் 'அச்சிடு' என்று சொல்லிக் கேட்டதில்லை, "சீட்டு போடு" என்றுதான் கேட்டிருக்கிறேன்.

தமிழ் எழுத்து மேலும் கீழும் வெட்டுப்படுகிறது. என்ன செய்ய?

உயரத்தை பிக்சலில் பூட்டியிருப்பீர்கள். தமிழில் 'கூ', 'மு', 'ழு' போன்றவை கீழே இறங்கும், 'கி', 'ரீ' மேலே வளையும். ஆங்கிலத்துக்கு அளந்த உயரம் பற்றாது. உயரத்தைக் கொடுக்காமல் விட்டு, உட்பக்கத்தில் மேலும் கீழும் 4 பிக்சல் இடம் விடுங்கள். எழுத்துருவையும் நீங்களே சொல்லிவிடுங்கள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ இருக்கிறது, அதற்கு முந்தைய கணினிகளில் லதா.

லினக்ஸில் வேறு ஒரு வம்பு உண்டு. டிகே 8.6 அங்கே எழுத்தைக் கோத்துக் காட்டுவதில்லை. 'சேமி' என்று எழுதினால் கொம்பு முன்னால் வராமல் சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் தீராது, தவறு எழுத்துருவில் இல்லை. லினக்ஸில் தமிழ்ப் பொத்தான் வேண்டுமா, கியூட்டிக்கோ, அது மாதிரியான ஜிடிகேவுக்கோ போய்விடுங்கள். நான் இதற்காக ஒரு தீபாவளி விடுமுறையை வீணாக்கியிருக்கிறேன்.

ரேடியோ பொத்தான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவை ஒரு கூட்டம் ஆகிவிடுமா?

ஆகாது. கண்ணுக்குத் தெரியும் கூட்டம் வேறு, ஒன்றை அழுத்தினால் மற்றது விடுபடும் கூட்டம் வேறு. பெயரே பழைய கார் ரேடியோவிலிருந்து வந்தது. அதில் ஒரு நிலையத்தின் பொத்தானை அமுக்கினால் முன்பு அமுக்கியது 'டக்' என்று வெளியே வரும்.

டிகின்டரில் ஒரே மாறியை, அதாவது தேர்ந்ததை நினைவில் வைக்கும் ஒரே இடத்தை, பகிரும் பொத்தான்கள் ஒரு கூட்டம். பருவத்துக்குக் குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று, வந்த விதத்துக்கு மூட்டை, லூஸ் என்று இரண்டு. பழகும் பிள்ளை ஒருவன் இரண்டுக்கும் மாறி கொடுக்க மறந்துவிட்டான். மாறி கொடுக்காவிட்டால் டிகே எல்லாவற்றுக்கும் ஒரே பொது மாறியைக் கொடுத்துவிடும். மூட்டையைத் தேர்ந்தால் சம்பா போய்விடுகிறது. இரண்டும் தனித்தனி ஃபிரேமில் அழகாக நின்றதால் அவனுக்கு மதியம் வரை பிடிபடவில்லை. கியூட்டியில் கதை நேர் எதிர்: ஒரே பெற்றோருக்குள், அதாவது ஒரே தாய்ப் பெட்டிக்குள், இருக்கும் ரேடியோ பொத்தான்கள் தாமாகவே ஒரு கூட்டம் ஆகிவிடும். ஸ்விங்கில் பட்டன்குரூப் என்பது கணக்குக்கு மட்டும், அதற்கு உருவமே கிடையாது. திரையில் சேர்த்துக் காட்டத் தனியாக ஒரு பேனல் வேண்டும்.

மவுஸ் இல்லாமல் ஓட்ட வேண்டும் என்கிறார்கள்.

நியாயமான ஆசை, தவிட்டுத் தூசியில் மவுஸ் எத்தனை நாள் உழைக்கும்? டிகின்டரில் டேப் விசை, பொத்தான்களை நீங்கள் உருவாக்கிய வரிசையிலேயே போகும், அடுக்கிய வரிசையில் போகாது. அதனால் திரையில் எந்த வரிசையோ அதே வரிசையில் நிரலிலும் எழுதுங்கள். ஒரு பொத்தானில் நின்று ஸ்பேஸைத் தட்டினால் அழுத்தும், என்டர் தட்டினால் இயல்பாக ஒன்றும் நடக்காது, தனியாகக் கட்டிக்கொடுக்க வேண்டும். அழிக்கும் பொத்தானுக்கு மட்டும் அதைக் கட்டிக்கொடுக்காதீர்கள், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஆல்ட்டோடு எழுத்து சேர்க்கும் முறை தமிழுக்கு ஒத்துவருவதில்லை. 'சே' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறிகள். தமிழ்99 போட்டிருக்கிறார்களா, ஆங்கில விசைப்பலகையா என்பதைப் பொறுத்து விசையும் மாறும். எஃப் விசைகளே நிம்மதி. 'முதல் எடை எஃப்5', 'சீட்டு எஃப்9' என்று பொத்தானிலேயே எழுதிவிடுகிறேன்.

வண்ணம் கொடுக்கலாமா?

ஒரு திரைக்கு ஒரு பொத்தானுக்கு. எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசினால் தேர்த்திருவிழாக் கடைதான்.

அந்த 'அழி' இப்போது எங்கே இருக்கிறது?

எடை போடும் திரையில் இல்லை. பழைய பதிவுகள் என்று வேறொரு திரை, அதில் ஒரு வரியைத் தேர்ந்தால்தான் வலது மூலையில் தெரியும், அதுவும் 'நீக்கம்' என்ற பெயரில். அழுத்தினால் பெட்டி எதுவும் கேட்காது. வரி சாம்பல் நிறமாகி அங்கேயே நிற்கும், பக்கத்தில் 'திரும்பக் கொண்டுவா' என்று எழுதியிருக்கும். ராத்திரி கணக்கு முடிக்கும்போது முதலாளி பார்த்துச் சரி என்றால்தான் போகும். எடை போடும் அண்ணனிடம் புதுத் திரையைக் காட்டியபோது ஒவ்வொரு பொத்தானாக விரலால் தொட்டுப் பார்த்தார். "அழிக்கிறது எங்க?" என்றார். காட்டினேன். "அவ்வளவு தூரம் நான் போமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வெளியே நின்ற டிராக்டரை மேடைக்கு ஏறச் சொல்லிக் கையசைத்தார்.